இரண்டரைக் கிலோ புளியும் ஒரு ஸ்மார்ட் போர்டும்

கேள்வி: தேன்கனிக்கோட்டை வட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். ஆறு முதல் எட்டு வரை கணக்கும் அறிவியலும் என் பொறுப்பு. பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். போன வருடம் ஸ்மார்ட் போர்டு வந்தது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடியது என்று கணக்குக் கேட்கிறார்கள். நானும் வீடியோ போடுகிறேன். பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்க்கிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. மூத்த ஆசிரியர் ஒருவர் “சாக்பீஸ் போதும்மா, இதெல்லாம் ஷோ” என்கிறார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு அம்மா, ஓசூரில் ஏதோ தனியார் பள்ளியில் ஆளுக்கொரு டேப்லெட் தருகிறார்களாமே என்று கேட்டார். நான்தான் தப்பாகப் பயன்படுத்துகிறேனா, இல்லை இந்தத் தொழில்நுட்பமே இவ்வளவுதானா?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

“கண் இமைக்காமல் பார்க்கிறார்கள்” என்ற வரியை இரண்டு முறை படித்தேன். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலிருந்து இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பு பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் அசையாமல் பார்த்தால் படிக்கிறார்கள் என்று நானும் பல வருடம் நம்பினேன். அந்த நம்பிக்கையைக் கெடுத்தது ஒரு சிறுமி.

ஒரு பள்ளியில் மாதிரி வகுப்பு எடுத்தேன். பாடம், இதயமும் ரத்த ஓட்டமும். அப்போதுதான் புரொஜெக்டர் வந்த புதிது. இதயம் சுருங்கி விரிவது, வால்வு திறந்து மூடுவது, சிவப்பு ஒரு பக்கம் ஓட நீலம் இன்னொரு பக்கம் திரும்புவது என்று அசையும் படம் ஒன்றைக் காட்டினேன். வகுப்பே வாய் பிளந்து பார்த்தது. எனக்கும் பெருமைதான். மணி அடிக்கப் போகிற நேரத்தில், ஏதோ கேட்க வேண்டுமே என்று ஒரு சிறுமியிடம், “இதயத்துக்குத் திரும்பி வர்ற ரத்தம் எப்படி இருக்கும்?” என்றேன். “நீலமா இருக்கும் சார்.” இல்லையே என்றேன். அவள் மணிக்கட்டை நீட்டி, தோலுக்கடியில் ஓடும் ரத்தக் குழாயைக் காட்டி, “இதோ நீலமா தெரியுதே சார்” என்றாள்.

ஆக்சிஜன் குறைந்த ரத்தமும் சிவப்புதான். கொஞ்சம் அடர்ந்த சிவப்பு. படத்தில் நீலம் பூசுவது வித்தியாசம் தெரிவதற்காக. தோல் வழியாக ஒளி போய்த் திரும்பும் விதத்தால் ரத்தக் குழாய் நீலமாகத் தெரிகிறது. நான் காட்டிய படமும் அவள் கையும் சேர்ந்து ஒரு தப்பான பாடத்தை மிக நன்றாக நடத்தி முடித்திருந்தன. அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் அது எனக்குத் தெரிந்தே இருக்காது. மற்ற நாற்பது பேர் என்ன நினைத்துக்கொண்டு போனார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கல்வித் தொழில்நுட்பம் என்றால் என்ன? பி.எட். படித்தபோது வன்பொருள் அணுகுமுறை, மென்பொருள் அணுகுமுறை, அமைப்பு அணுகுமுறை என்று எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். எழுதிய மறுநாளே மறந்திருப்பீர்கள். ஆனால் அந்த வறட்டுப் பதிலுக்குள் சங்கதி இருக்கிறது. அமெரிக்காவில் இதற்கென்றே அமைத்த ஒரு ஆணையம் 1970-இல் தந்த அறிக்கையில் இரண்டு பொருள் சொன்னார்கள். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: டி.வி., படம், கணினி போன்ற சாதனங்கள். இரண்டாவது கொஞ்சம் பெரியது: பிள்ளை எதைக் கற்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, மனிதர் எப்படிக் கற்கிறார் என்று தெரிந்ததை வைத்துப் பாடத்தைத் திட்டமிட்டு, நடத்தி, கற்றார்களா என்று சோதித்துத் திருத்திக்கொள்ளும் முழு முறை. சாதனம் அதற்குள் ஓர் உறுப்பு.

நம் அலுவலகங்கள் முதல் பொருளை எடுத்துக்கொண்டன, அதை எண்ணுவது சுலபம் என்பதால். எத்தனை போர்டு, எத்தனை மணி நேரம். இரண்டாவது பொருளுக்குக் கணக்கு எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. நீங்கள் செய்வதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை டீச்சர். முதல் பொருளை ஒழுங்காகச் செய்கிறீர்கள். இரண்டாவதைப் பற்றி உங்களிடம் யாரும் பேசவே இல்லை.

இரண்டாவது எப்படி இருக்கும் என்று உங்கள் ஏழாம் வகுப்பை வைத்தே காட்டுகிறேன். தசம எண்கள். அதற்கு நல்ல வீடியோக்கள் உண்டு. இடமதிப்பு, பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று கலர் கலராக வரும். அதைப் போடுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் இப்படிச் செய்து பாருங்கள்.

உங்கள் பக்கம் புளிக் காலத்தில் வீட்டுக்கு வீடு புளி உடைப்பார்கள். கொட்டை எடுத்த புளியை மின்னணுத் தராசில் போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. உங்கள் பிள்ளைகளில் பலர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தராசைப் பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள். போர்டில் இரண்டு பேர் நோட்டுக் கணக்கை எழுதுங்கள். ஒருவர் நோட்டில் 2.5 கிலோ. இன்னொருவர் நோட்டில் 2.250 கிலோ. யாருக்குக் கூலி அதிகம்? முதலாமவருக்கு என்றால் ஒரு விரல், இரண்டாமவருக்கு என்றால் இரண்டு விரல், சமம் என்றால் மூன்று விரல். யாரும் வாயைத் திறக்கக் கூடாது. விரலை நெஞ்சோடு ஒட்டி வைத்துக் காட்ட வேண்டும், பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாதபடி.

கணிசமான பேர் இரண்டு விரல் காட்டுவார்கள். 250 பெரிது, 5 சிறிது என்பது அவர்கள் நியாயம். வேடிக்கை என்னவென்றால், தராசின் முன்னால் இதே பிள்ளைகள் தப்புவதில்லை. இந்தத் தராசு பெரும்பாலும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் காட்டும்: 2.500, 2.250. 2.500 என்றால் இரண்டரை; வீட்டில் அதைத் தெலுங்கில் ரெண்டுன்னர என்றோ கன்னடத்தில் எரடூவரெ என்றோ படித்துவிடுவார்கள். பூஜ்யத்தை எல்லாம் வரிசையில் நிற்க வைத்து ஒப்பிடும் வேலையை இயந்திரமே செய்துவிடுகிறது. பிள்ளைக்கு அந்த வேலை வந்ததே இல்லை. புத்தகம் பூஜ்யத்தைக் கழற்றிவிட்டு 2.5 என்று எழுதும்போதுதான் தடுக்கி விழுகிறான்.

இப்போது பக்கத்துப் பிள்ளையிடம் பேசச் சொல்லுங்கள். வேறு விரல் காட்டியவனைத் தேடிப் பிடித்து, ஏன் என்று இரண்டு நிமிடம். எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசட்டும். தெலுங்கில் சண்டை போட்டாலும் கணக்கு கணக்குத்தான். மறுபடி விரல். அதன் பிறகு ஒரே ஒரு கேள்வி: “தராசுல 2.5 எப்படித் தெரியும்?” எங்கிருந்தாவது ஒரு குரல் “ரெண்டு புள்ளி ஐந்நூறு மிஸ்” என்று வரும்.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். முதல் கேள்விக்குச் சரியாக ஒரு விரல் காட்டியவர்களிலும் சிலருக்கு விஷயம் புரிந்திருக்காது. “புள்ளிக்குப் பின்னால் இலக்கம் கூடக் கூட எண் சிறிசாயிடும்” என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஆயிரத்தில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறிது என்று சொல்லிக் கொடுத்ததிலிருந்து முளைத்த களை அது. அந்தப் பிள்ளைக்கு 2.5, 2.250 கேள்வியில் தப்பான காரணத்தால் சரியான விடை கிடைத்துவிடும். அதனால் அடுத்து 2.6, 2.75 இரண்டையும் எழுதுங்கள். முன்பு சரியாகச் சொன்ன சிலர் இப்போது 2.6 பெரிது என்பார்கள். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லியும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் விடைகளை வைத்து இந்த இரண்டு வகைத் தப்பெண்ணத்தையும் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். எந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தத் தப்பு வெளியே வரும் என்று யோசித்து வைத்திருக்கிறோம் பாருங்கள், நான் சொல்லும் தொழில்நுட்பம் இதுதான். பிளக் பாயின்ட் தேவைப்படாத தொழில்நுட்பம்.

அதன் பிறகு வீடியோவைப் போடுங்கள், மூன்று நிமிடம் மட்டும். இப்போது அவர்கள் பார்க்கும் விதமே வேறாக இருக்கும். தான் சொன்னது சரியா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அவசரம் உள்ளே இருக்கிறது அல்லவா.

விரல் காட்டுவதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1991-இல் இந்த மாதிரி வகுப்பைத் தொடங்கினார். அவர் நன்றாகப் பாடம் நடத்துகிறவர் என்று பெயர் எடுத்தவர். அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தபோது, “நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எழுதட்டுமா, இல்லை நான் நினைக்கிறபடி எழுதட்டுமா?” என்று ஒரு மாணவர் கேட்டாராம். அதன் பிறகுதான் கேள்வி, தனி விடை, பக்கத்தில் பேச்சு, மறு விடை என்ற வரிசைக்கு வந்தார். சரியான விடை சொன்னவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை இருந்தால் பேச விடலாம். அதற்குக் கீழே என்றால் ஆசிரியர் மறுபடி விளக்க வேண்டும், மேலே என்றால் தாண்டிப் போகலாம். அங்கே பிற்பாடு, விடையைப் பொத்தான் அழுத்திச் சொல்லும் கிளிக்கர் கருவி ஆளுக்கொன்று வந்தது. கிளிக்கர் வைத்த வகுப்பையும் வெறும் எழுத்து அட்டை தூக்கிக் காட்டிய வகுப்பையும் 2008-இல் ஒருவர் ஒப்பிட்டார். கற்றதில் வித்தியாசம் இல்லை. எண்ணிப் பார்க்கிற வேலை ஆசிரியருக்கு மிச்சமாயிற்று, அவ்வளவுதான்.

நம் ஊரிலும் இந்தச் சரக்கு பழையதுதான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பூர் அநாதைப் பள்ளியை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல், ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துவிட்டு அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797-இல் புத்தகமாக எழுத, அது “மெட்ராஸ் முறை” என்று இங்கிலாந்தில் பரவியது. மணலைப் பாருங்கள்: ஒவ்வொரு பிள்ளை எழுதுவதும் நடந்து போகிற ஆசிரியருக்குத் தெரியும், தப்பு என்றால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். சிலேட்டும் அப்படித்தான். சிலேட்டை ஒழித்துவிட்டோம், பாவம். ஜெராக்ஸ் கடையில் ஒரு வெள்ளைத் தாளை லேமினேட் செய்து வாங்கி, மார்க்கர் பேனா கொடுத்தால் அதுவே சிலேட்டு. வகுப்புக்கு முப்பது செய்து வையுங்கள்.

செயல்வழிக் கற்றலை உங்கள் மூத்த ஆசிரியர் பார்த்திருப்பார். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. ஏணிப்படி, அட்டைகள், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் படியிலிருந்து மேலே போகலாம் என்ற யோசனை அருமையானது. ஆனால் நான் போய்ப் பார்த்த சில வகுப்புகளில் பிள்ளைகள் அட்டையை எடுப்பதும் வைப்பதும் சடங்காக நடந்துகொண்டிருந்தது. எந்தப் பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்று கேட்டால் ஆசிரியரிடம் பதில் இல்லை. வயர் இல்லாத சாதனத்துக்கும் ஸ்மார்ட் போர்டுக்கு வரும் வியாதியே வந்தது. இப்போது எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை வாரியாகப் பிரிப்பதிலும் அதே நல்ல யோசனைதான் இருக்கிறது. அதே ஆபத்தும் உண்டு.

ஒரு வாரத்தில் மறந்துபோவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் அதையே திரும்பப் படித்தது; இன்னொரு கூட்டம் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் எழுதிப் பார்த்தவர்கள் நல்ல இடைவெளியில் முன்னால். நம் வீட்டுப் பாட்டிமார் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னதில் பாதி நியாயம் இதுதான். திங்கட்கிழமை வீடியோ பார்த்தால், புதன்கிழமை வகுப்பு தொடங்கும்போது அதே வீடியோவிலிருந்து ஒரு படத்தை மட்டும் போர்டில் நிறுத்தி வைத்து, “இதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சு, எழுதுங்க” என்று மூன்று நிமிடம் கொடுங்கள். மார்க் போடாதீர்கள். அடுத்த திங்கட்கிழமை இன்னொரு முறை.

உங்கள் பிள்ளைகளுக்கென்று ஒன்று சொல்ல ஆசை. வீடியோவில் வரும் தமிழ் வேகமானது, ஏட்டுத் தமிழ். வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளை படத்தைப் பார்ப்பாளா, சொல்லைப் பிடிப்பாளா? ஒரு முறை ஒலியோடு காட்டிவிட்டு, இரண்டாவது முறை ஒலியை நிறுத்திவிடுங்கள். பிள்ளைகள் முறை வைத்து வந்து படத்துக்குக் குரல் கொடுக்கட்டும். முதல் ஆள் தெலுங்கில் சொல்லலாம், இரண்டாவது ஆள் அதையே தமிழில். அஞ்செட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் விதை முளைப்பதை இப்படிச் செய்தார்கள். ஒரு பையன் “வேர் மொதல்ல கீழ போவுது, அப்புறம்தான் தலை தூக்குது” என்றான். ராகி விதைக்கிற வீட்டுப் பிள்ளை. ஈரத்துணியில் கேழ்வரகை வைத்து, தினமும் காலையில் அதே இடத்திலிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, பத்து நாள் கழித்து வரிசையாக ஓட்டிக் காட்டிப் பாருங்கள்; வெளியிலிருந்து வாங்கிய எந்த வீடியோவும் அதன் கிட்டே வராது.

போர்டை எப்போது போட வேண்டும் என்பதற்கு என் கணக்கு இவ்வளவுதான்: கண்ணுக்குத் தெரியாத சிறிசு, நம் கைக்கு எட்டாத தொலைவு, ரொம்ப மெதுவாகவோ ரொம்ப வேகமாகவோ நடப்பது, பள்ளியில் செய்தால் ஆபத்தானது. செல், கிரகணம், எரிமலை, சோடியம் தண்ணீரில் விழுவது. அப்புறம் இன்னொரு உபயோகம் உண்டு, யாரும் சொல்ல மாட்டார்கள்: ஒரு பிள்ளையின் நோட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து, பெயர் தெரியாமல் பெரிதாகப் போர்டில் காட்டி, “இவங்க எப்படி யோசிச்சிருக்காங்க?” என்று கேட்பது. தப்பான விடைதான் இதற்கு உகந்தது. ஆனால் எழுதிய பிள்ளையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூத்த ஆசிரியர் சொன்னதில் உண்மை இருக்கிறது. மளிகைச் சாமான் ஏற்றி வரும் லாரியால் உடம்பில் சத்து கூடுவதில்லை, அதுபோல ஊடகத்தால் கற்றல் கூடுவதில்லை என்று ரிச்சர்ட் கிளார்க் 1983-இல் எழுதினார்; அது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. எனக்கு முக்கால்வாசி சம்மதம். நீல ரத்தம் மீதிக் கால்வாசி: சில லாரி சரக்கை மாற்றியும்விடும். சாக்பீஸில் வரையும்போது கோடு கோடாக, பிள்ளையின் கண் வேகத்துக்குப் படம் வளர்கிறது. ஸ்மார்ட் போர்டில் எல்லாம் ஒரே அடியாக வந்து நிற்கிறது. இதை அவரிடம் சொல்லி, ஒரு பாடத்துக்கு அவர் வரைய நீங்கள் கேள்வி தயாரிக்க, சேர்ந்து எடுத்துப் பாருங்கள். சண்டை போடுவதைவிட அது மேல்.

டேப்லெட் கேட்ட அம்மாவுக்கு நேர்மையான பதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. பெரு நாட்டில் கிராமப் பள்ளிகளுக்கு லேப்டாப் கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் பதினைந்து மாதம் கழித்துச் சோதித்தபோது கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து பள்ளி நேரத்துக்கு வெளியே நடந்த மையங்களில் செய்த ஆய்வில், நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம்; 2019-இல் வெளிவந்தது. வித்தியாசம் எங்கே? டெல்லியில் அந்த மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்த வகுப்பு நிலையில் நிற்கிறது என்று கண்டுபிடித்து அங்கிருந்து கேள்வி கொடுத்தது. ஒன்றரை மணி நேரத்தில் பாதி நேரம்தான் கணினி. மீதி நேரம் சின்னக் குழுவாக ஓர் ஆள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். அந்த அம்மாவிடம், “டேப்லெட்ல பிள்ளை என்ன பண்ணுது, தப்புப் பண்ணா யாரு பார்க்கறாங்கன்னு அந்தப் பள்ளியில் கேட்டுப் பாருங்கம்மா” என்று சொல்லலாம். குத்தலாக இல்லாமல்.

மணிக்கணக்கு கேட்கிறவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். கேட்கிற மணி நேரத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். பாடக்குறிப்பில் மட்டும் வீடியோ பெயருக்குக் கீழே ஒரு வரி கூட்டுங்கள்: கேட்ட கேள்வி, முதலில் சரியாகச் சொன்னவர்கள் எத்தனை பேர், பேசிய பிறகு எத்தனை பேர். அடுத்த முறை பார்வைக்கு வரும் அதிகாரி அந்த வரியை வாசித்தால் தலைமையாசிரியருக்கே பேச ஒரு விஷயம் கிடைக்கும். வாசிக்காவிட்டாலும் நஷ்டமில்லை, அடுத்த வருடம் அதே பாடத்துக்கு உங்களுக்கே உதவும்.

கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது என்று கடிதத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தீர்கள். விரல் இருக்கிறதே.

புளிக் கேள்வியை இந்த வாரமே கேட்டுவிடுங்கள். 2.5-க்கும் 2.250-க்கும் முதலில் எத்தனை விரல், பேசிய பிறகு எத்தனை விரல், 2.6-க்கும் 2.75-க்கும் எத்தனை என்று அந்த எண்களை மட்டும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு எட்டாம் வகுப்புக்கு என்ன கேட்கலாம் என்று பேசுவோம்.